மனோகரி மேடத்துக்கு நான் போட்ட கைதட்டல்

அன்று காலை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு என்னிடம் மூன்று செய்திகள் இருந்தன. மூத்த பேரன் டிப்ளமோ முடித்து எண்ணூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சின்னப் பேத்தி கேரம் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். கொள்ளுப்பேரன் தன் பெயரைத் தானே எழுதினான், நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும். ஐந்தாவது வரை படித்தவள் நான். என் விரல் மெதுவாகத்தான் போகும். இரண்டாவது செய்தியில் இருந்தபோது ஒரு படம் வந்து விழுந்தது. மனோகரி மேடத்தின் முகம், சுற்றிலும் பூ, கீழே இங்கிலீஷில் இரண்டு வரி.

எங்கள் வீட்டில் பூப்போட்ட சட்டத்துக்குள் யார் முகம் வந்தாலும் அது மார்க்குக்கோ பரிசுக்கோதான். மேடத்துக்கு ஏதோ விருது என்று நினைத்தேன். கை தட்டும் பொம்மையை ஒரு வரிசை முழுக்கப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பேத்தி பவானி வேலையிடத்திலிருந்து கூப்பிட்டாள். "ஆயா, இன்னா பண்ணி வச்சிகிற? மேடம் பூட்டாங்க ஆயா."

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வயதில் சாவுச் செய்தி புதிதில்லை. அழுவதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு சாவுக்குக் கை தட்டியது இதுதான் முதல் தடவை.

குழுவில் பழையவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எம்.பி.ஏ. முடித்துப் போனவர்கள் திரும்பி வந்து படிக்க, கல்லூரியில் சனிக்கிழமைதோறும் குறுகிய வகுப்புகள் நடத்தினார் மேடம். ஆறு சனிக்கிழமை, ஒரு பாடம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். பவானி ராயபுரத்தில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் நல்ல வேலையில் இருந்தவள். இரண்டு பிள்ளைகள் பிறந்து, ஏழு வருடம் திருவொற்றியூர் வீட்டோடு கிடந்தாள். எங்கே போய்க் கேட்டாலும், இத்தனை வருடம் என்ன செய்தாய் என்றார்கள். அதனால், கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கிற கன்டெய்னர் யார்டு பற்றிய பாடத்தில் சேர்ந்தாள். விண்ணப்பம் போட்ட அன்று அவள் போன் உடைந்து கிடந்ததால் என் நம்பரைக் கொடுத்தாள்; குழுவில் அதையும் சேர்த்துவிட்டார்கள். இப்படித்தான் நான் உங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தேன்.

"ஆயாவ எட்த்துடுங்க மேடம், தினம் எதுனா போட்டுகினே கீது" என்று பவானி கேட்டாளாம். அதற்கு மேடம், "இருக்கட்டும்மா. உங்க அத்தினி பேருக்கும் தலையாட்டத் தெரியும். புரியலன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்" என்றிருக்கிறார்.

அவர் கொடுக்கிற வீட்டுப்பாடமும் அப்படித்தான். படித்ததை வீட்டில் படிக்காத ஒருவரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்கிற கேள்வியை எழுதிக்கொண்டு வர வேண்டும். பவானி என்னிடம், யார்டு வாசலில் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பற்றி இங்கிலீஷும் தமிழுமாகச் சொன்னாள். நான் கேட்டேன்: "அம்மாம் நேரம் நிக்கிறானே டிரைவரு, ஒண்ணுக்கு எங்க போவான்?"

"இத்தப் போயி எழுதுவாங்களா?" என்று சிணுங்கினாள். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். நகராத வரிசையில் அவர் நின்ற நேரம் எங்கள் குடித்தனத்தில் பாதி. எனக்கு அந்தக் கேள்விதான் வரும். மேடம் அதை அப்படியே போர்டில் எழுதினாராம். வகுப்பு முழுக்கச் சிரித்தது. "சிரிச்சாச்சா? இப்ப பதில் சொல்லுங்க" என்றாராம்.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். மணலியில் ஒரு யார்டிலிருந்து பவானிக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "என் பேத்தி மேனேஜர் ஆகிவிட்டாள்" என்று குழுவில் போட்டுவிட்டேன். தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எல்லோரும் வாழ்த்தினீர்கள். பவானி என்னிடம் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. "அந்த மூஞ்சிங்கள எப்டி பாப்பேன்? இன்ட்ரவியூக்கும் போவல" என்று படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேடமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நசுங்கி, வேர்த்து வழிய.

"அழிச்சிட சொல்லட்டா மேடம்?" என்றாள் பவானி.

"இன்னாத்துக்கு? அல்லாரும் பாத்தாச்சு. நீ போய்ட்டு வா. கெடைக்கலன்னா கெடைக்கலன்னு ஆயாவே போடட்டும். ஜெயிச்சத மட்டும் போட்ற குழு எனக்கு வேணாம்." என் பக்கம் திரும்பினார். "இன்னா ஆயா, போடுவியா?"

"போட்றேன் மேடம். உங்க மேல சத்தியமா."

"என் மேல வேணாம். எனக்கு ஏற்கெனவே பிரஷர் கீது."

பவானி சிரித்துவிட்டாள். எழுந்து முகம் கழுவினாள்.

அந்தத் தேர்விலும் ஏழு வருடக் கணக்குதான் கேட்டார்களாம். வீட்டில் இருந்து கற்றது இது என்று பவானி டிரைவர் கேள்வியைச் சொன்னாளாம். வேலை கிடைத்தது. ஆனால் மேனேஜர் இல்லை. லாரிகளைப் பதிந்து உள்ளே விடுகிற கேட் ஆபீசில், முன்பு விட்டுவந்த வேலையைவிட ஒரு படி கீழே. நான் அதை அப்படியே எழுதினேன்: "மேனேஜர் இல்லை. நான் அவசரப்பட்டுச் சொன்னது தப்பு. கேட் ஆபீசில் சேர்ந்திருக்கிறாள்." அதற்கு எனக்கு அரை நாள் ஆனது. அதுவரை என் பெருமைகள் எதற்கும் ஒன்றும் போடாத மேடம், இதற்குக் கை தட்டும் பொம்மை போட்டார். அந்தப் பொம்மை போனில் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தேடிக் கற்றுக்கொண்டேன்.

டிரைவர்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று பவானி இன்றைக்கும் மேலே எழுதிக்கொண்டே இருக்கிறாள். இன்னும் வரவில்லை.

புளியந்தோப்பில் மேடத்தின் வீட்டுக்குச் சாவு விசாரிக்கப் போனபோது அவர் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கைதட்டுன ஆயா நீதானா?"

"தெரியாம பண்ணிட்டேம்மா."

"குந்து. காலைலர்ந்து அவ போனு அழுதுகினே கெடந்துச்சு. உன்னோடத பாத்துட்டு சிரிச்சிட்டேன், தங்கச்சி பொணத்தாண்ட குந்திகினு" என்று சொல்லிவிட்டு, என் தோளில் முகத்தை வைத்து அழுதார்.

அந்தக் கைதட்டலை அழித்துவிடலாம் என்று பவானி சொன்னாள். வேண்டாம் என்றேன். நான் போட்ட எதையும் மேடம் அழித்ததில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. புரியவில்லை என்றால் புரியவில்லை என்பேன். நடந்ததை நடந்தபடி போடுவேன், பெருமை குறைந்தாலும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் பிள்ளைகளே. அந்தப் பூச்சட்டத்துப் படம் அடையாள அட்டையிலிருந்து வெட்டியது; மேடம் யாருக்கோ பயந்தவர் மாதிரி இருக்கிறார். என் கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டு, புடவையெல்லாம் சாக்பீஸ் தூளாக அவர் நின்ற படத்தை உங்களில் ஒருவர் எடுத்ததாகப் பவானி சொல்கிறாள். அதைப் போடுங்கள். பூ வேண்டாம். இந்தத் தடவை தெரிந்தே கை தட்டுகிறேன்.