முள் அசையாத நாட்கள்

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க வரிசையில் நின்றபோதுதான் விழுந்தேன். 1976, ஆடி மழை. எனக்கு வயது முப்பத்தெட்டு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் விழித்தபோது கை கால் அசைந்தன. நாக்கு மட்டும் வாதத்தில் செத்துக் கிடந்தது. பேச்சில்லை. எச்சிலை விழுங்கவே திணறினேன்.

என் கணவர் ஒரே ஒரு முறை வந்தார். "இவ இனி எதுக்கும் ஆக மாட்டா" என்று என் முன்னாலேயே நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் வரவேயில்லை. என்னை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று தினமும் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

நாக்கின் பலம் பார்க்க டாக்டர் ஒரு கருவி வைத்திருந்தார். சிறிய ரப்பர் குமிழ், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் முள் ஓடும் வட்டம். குமிழை நாக்கால் மேலண்ணத்தோடு அழுத்தினால் முள் நகரும். நர்ஸ் என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, குமிழை முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் மட்டும் வைப்பார். குமிழின் கழுத்தில் நூல் கட்டி, நுனியைக் கையில் பிடித்துக்கொள்வார். மூன்று தடவைக்கு மேல் அழுத்தச் சொல்லமாட்டார்.

அட்டெண்டர் மாணிக்கத்துக்கு அது விளையாட்டுச் சாமான். நர்ஸ் பிரசவ வார்டுக்குப் போனதும் கஞ்சிக் கிண்ணத்தோடு வருவான். "முள்ளு அசையட்டும், பெறகு கஞ்சி தாரேன்" என்பான். அசையாது. கஞ்சியை ஜன்னல் வழியே கொட்டுவான்.

ஒரு நாள் நூல் கட்டாமல், நான் படுத்திருக்கும்போதே குமிழை என் வாயில் திணித்தான். குமிழ் குழாயைவிட்டுக் கழன்று தொண்டையில் அடைத்தது. மூச்சு நின்றது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆண்டவரே, சத்தமில்லாதவள் கூப்பிடுகிறேன் என்று உள்ளுக்குள் கதறினேன். சாவைக் கேட்ட நான் அன்று உயிரைக் கேட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த கருப்பாயி அக்கா தன் தட்டைத் தரையில் ஓங்கி எறிந்தார். நர்ஸ் ஓடி வந்து, என்னைக் குப்புறப் புரட்டி முதுகில் அறைந்தார். குமிழ் வெளியே விழுந்தது.

நானே பிடுங்கி விழுங்கியதாக அவன் சாதித்தான். அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. இரண்டு வாரத்தில் கால் புண் சீழ் வைத்து அக்கா இறந்துபோனார். அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல என்னிடம் வாயில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஜெபித்துவிட்டே குமிழை அழுத்தினேன். ஐப்பசியில் முள் இரண்டு கோடு நகர்ந்தது. நர்ஸ் அழுதுவிட்டார். என் முதல் வார்த்தை ஸ்தோத்திரம் என்று நினைப்பீர்கள். இல்லை. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டி, "மாணிக்கம்" என்றேன், குமிழைத் தொண்டைக்கு நேரே பிடித்துக் காட்டியபடி. 'ணி'க்கு நாக்கு வளையவில்லை. ஆனாலும் டாக்டருக்குப் புரிந்தது. அவனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

அவன் மனைவி என் காலில் விழுந்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அதற்கும் தனியாக ஜெபிக்க வேண்டியிருந்தது. வெகுநாள் கழித்தே அது வந்தது.

இப்போது மறுபடியும் கொழுந்து எடுக்கிறேன். தனியாகச் சமைத்து, மெதுவாக விழுங்கிச் சாப்பிடுகிறேன். சபையில் நான் பாடினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆனாலும் பாடுகிறேன். வாய் திறக்க முடியாத துயரத்தில் இருப்பவர்களே, வார்த்தைக்காகக் காத்திருக்காதீர்கள். உள்ளுக்குள் கூப்பிடுங்கள். அவருக்குக் கேட்கும். நான் கூப்பிட்டதைக் கேட்டார்.