உயிரோடு இருந்தவருக்கு அடித்த மணி

இதை எழுத வேண்டும் என்று நோட்டு வாங்கி வைத்து நாலு வருஷம் ஆகிறது. முதல் பக்கத்தில் ஒரு சிலுவை போட்டதோடு சரி. அதற்குக் கீழே ஒரு வரி வரவில்லை. நான் எட்டாவது வரை படித்தவள், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிப் பிழைத்தவள், நமக்கு எழுத்து எங்கே வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். எழுதினால் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் பயந்தேன்.

என் மகளைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஒரு பேச்சு உண்டு. உயிரோடு இருந்த அப்பனைப் பிணம் மாதிரிப் படுக்க வைத்துப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியவள் என்று. அவளுக்கு வரன் பார்க்கிற இந்த நேரத்திலும் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னால் போய் அந்த வீடுகளில் உட்கார்ந்துகொள்கிறது. நடந்தது அப்படி அல்ல. முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

கொரோனா இரண்டாவது தடவை வந்த கோடை. என் வீட்டுக்காரர் கோவில்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு நாலு ஊருக்கும் போய் வருவார். அவருக்குக் காய்ச்சல் கண்டு, டெஸ்டில் இருக்கிறது என்று வந்ததும், நகராட்சி ஆட்கள் வந்து எங்கள் தெருவாசலில் தகரம் அடித்தார்கள். ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் தெரு, இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். அவர் உள்ரூமில். நானும் மகளும் முன்னறையில்.

அதற்கு முந்தின வாரம்தான் அவருடைய அண்ணன் இதே நோயில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். முகம்கூடப் பார்க்கவில்லை. அடுத்தது நாம்தான் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். தினமும் வந்து விரலில் மிஷின் மாட்டிப் பார்க்கிற நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூச்சு பரவாயில்லக்கா. மனசுதான் எறங்கிட்டே போகுது. கெட்ட சேதி எதுவும் காதுல விழாமப் பாத்துக்கோங்க" என்றாள். அன்றிலிருந்து டிவியை மூடினேன். அவருடைய போனை வாங்கி அரிசி டின்னுக்குள் வைத்தேன். கெட்ட சேதி இந்த வீட்டுக்குள் வராது என்று நினைத்தேன்.

மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பெல்லாம் போனில்தான். வீட்டில் தினம் நடப்பதை, யாரையும் நிற்கச் சொல்லாமல் சிரிக்கச் சொல்லாமல், இருக்கிறபடியே போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று அவள் வாத்தியார் சொல்லியிருந்தார். அவளும் எடுத்தாள். தகரத்து ஓட்டை வழியாகத் தரையில் விழுந்த வெயில், பிளீச்சிங் பவுடரில் என் கால்தடம், கொடியில் காய்கிற முகக்கவசம். என் வீட்டுக்காரருடைய செருப்பு ரூம் வாசலிலேயே கிடந்தது. அதை அவள் தினமும் ஒரே இடத்தில் நின்று எடுத்தாள். கரிசல் தூசி முதல் நாளைவிட இரண்டாம் நாள் கூட, மூன்றாம் நாள் இன்னும் கூட. நாலைந்து படத்தை வரிசையாகத் தள்ளிக் காட்டினாள்.

"ஏட்டி, ஆள் இல்லாத வீட்டப் படம் புடிச்ச மாதிரி இருக்கு. நாம எல்லாரும் இங்கனதான இருக்கோம்?"

"போட்டோவுல அப்படித்தாம்மா தெரியுது. நான் என்ன செய்ய?"

அந்தச் செருப்பைத் துடைத்து வைக்கப் போனேன். தொட மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கஞ்சி கொண்டுபோனேன். இரவெல்லாம் காய்ச்சலில் புலம்பிவிட்டு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைவலிக்காகத் தலையைச் சுற்றி வெள்ளைத் துண்டு கட்டியிருந்தார். அது நழுவி நாடிக்குக் கீழே வந்திருந்தது. மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அந்தக் கையை எடுத்து நெஞ்சில் வைத்தேன். இன்னொரு கையை அதன் மேல் வைத்தேன். என் கல்யாணத்துக்கு எங்கள் அம்மா கொடுத்த சிவப்புச் செபமாலையை இரண்டு கைக்கும் சேர்த்துச் சுற்றினேன். போர்வையை இழுத்து நேராக்கினேன். மாதாவே, இவரை உம் கையில் கொடுக்கிறேன், நீரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களைத்தான் அப்படிக் கிடத்துவோம். வாய் திறக்காமல் தாடையோடு சேர்த்து நாடிக்கட்டு கட்டி, கையைக் கூட்டி, செபமாலை சுற்றி, தலைமாட்டில் மெழுகுவர்த்தி வைத்து. எத்தனையோ வீட்டில் என் கையாலேயே செய்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது நினைவில் வரவில்லை. கை தனக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டது.

தகரத்துக்கு இந்தப் பக்கமே, வீட்டை ஒட்டிய முடுக்குச் சந்தில் அந்த ரூமுக்கு ஒரு ஜன்னல் உண்டு. மகள் அங்கே நின்று கம்பி வழியாக ஒரு படம் எடுத்தாள். வெயில் கோடு கோடாக அவர் மேல் விழுந்திருந்தது. படம் நன்றாக வந்துவிட்டது என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தாள். ஒரு சொல் எழுதவில்லை. படம்தான் பேச வேண்டும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்களாம்.

கடம்பூரில் கடை வைத்திருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி அதைப் பார்த்திருக்கிறான். பார்த்ததும் அழுதிருக்கிறான். தகரம் அடித்த வீடு, அக்கா யாருக்கும் சொல்ல முடியாமல் கிடக்கிறாள் போல என்று, அவனே சுற்றிலும் பூ வைத்து, மேலே கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அங்கிருந்து எங்கள் பங்குக் கோயில் குரூப்புக்குப் போனது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத காலம். சாவைப் போனில் பார்த்துத்தான் நம்பினோம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. மத்தியானம் அவர் எழுந்து கஞ்சி குடித்துவிட்டு, மகள் உள்ளே வந்துவிடக் கூடாது என்று வழக்கம்போலக் கதவைக் கொண்டி போட்டு, செபமாலையும் கையுமாகவே படுத்துக்கொண்டார். மூன்று மணி இருக்கும். வெளியே புழுதிக்காற்று. தகரம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் கோயிலில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒரு அடி, ரொம்ப நேரம் சும்மா, பிறகு ஒரு அடி. துக்க மணி.

துக்க மணி கேட்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு அந்த ஆத்துமாவுக்காகச் செபிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் எழுந்திருப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏட்டி, துக்க மணியால்லா அடிக்கு?"

"காத்துல என்னமோ கேக்குது. நீங்க தூங்குங்க."

"எனக்குத் தெரியாதாக்கும். யாருக்கு?"

"தெரியலங்க."

"யாருக்கா இருந்தா என்ன? போன ஆத்துமாவுக்குச் சொல்லணும்லா. நீ சொல்லு, நானும் சொல்லுதேன்."

கதவுக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டேன். இறந்தவர்களுக்கான செபத்தைச் சொன்னேன். அவர் அந்தப் பக்கம் மூச்சு வாங்க வாங்கக் கூடவே சொன்னார். பேர் சொல்ல வேண்டிய இடத்தில், இப்போது மரித்த இந்த ஆத்துமா என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம். முடித்து ஆமென் சொன்னபோதும் மணி நிற்கவில்லை.

பிறகுதான் மகளின் போன் அடித்தது. குளத்தூரில் இருக்கும் என் நாத்தனார். எடுத்ததும் ஒரே ஒப்பாரி. "எண்ணே, ஒன்ன கடைசியா பாக்கக்கூட முடியலையே" என்று. போன வாரம் இறந்த மூத்தவருக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். மகள் அதற்குள் வேறு எதையோ பார்த்துவிட்டு, போனை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். பூவுக்கு நடுவில் என் வீட்டுக்காரர். நாடிக்கட்டு. என் செபமாலை.

ஒரு நிமிஷம் நானும் நம்பினேன். அதுதான் உண்மை. கதவைத் தட்டி, "என்னங்க, என்னங்க" என்றேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை. இப்போதுதானே கூடச் செபம் சொன்னார், அப்படியானால் சொன்னது யார் என்று ஒரு நினைப்பு வந்தது.

இரண்டு பேரும் முடுக்குக்கு ஓடினோம். ஜன்னலுக்குள் ஒரே இருட்டு. மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. மகள் போனைக் கம்பிக்குள் நீட்டி, கிட்ட இழுத்து வீடியோ எடுத்தாள். சின்னத் திரையில் அவர் மல்லாந்து கிடந்தார். காலையில் பார்த்த அதே படம்.

"இது ஓடுதாட்டி? படமா?"

"ஓடுதும்மா. செகண்டு ஓடுது பாரு."

செகண்டு மட்டும்தான் ஓடியது. வேறு எதுவும் அசையவில்லை. அப்புறம் செபமாலையின் சிலுவை ஒரு நூலளவு மேலே ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அசதியில் தூங்கிவிட்டிருக்கிறார். மகள் அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தால் தகரத்தில் ஒரு மாலை தொங்கியது. பூக்கடை எதுவும் இல்லாத நாள். யாரோ வீட்டு அரளியைப் பறித்துத் தாங்களே கட்டிப் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு மெழுகுவர்த்தி, காற்றில் அணைந்து கிடந்தது. தெருவில் யாரும் இல்லை.

அடுத்த போன் கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை. "எம்மா, கலங்காதீக. கல்லறைத் தோட்டத்துல குழி வெட்டியாச்சு. கரிசல் எறுகிக் கெடந்துச்சு, ஜேசிபியை வச்சுத்தான் தோண்டினோம். ஆஸ்பத்திரி ஆளுவ எத்தன மணிக்கு வாராவ?"

"அண்ணாச்சி, அவிய உயிரோட இருக்காவ."

"கையில செபமாலை இருந்துச்சேம்மா" என்றார்.

"தூங்கும்போது எடுத்த படம் அண்ணாச்சி."

"நான் மணி அடிச்சுட்டனே. அடிச்ச மணிய இப்ப என்ன செய்ய?" அவர் கேட்டது என்னையா, ஆண்டவரையா என்று தெரியவில்லை. அதற்கென்று எங்கள் கோயிலில் ஒரு வழக்கமும் கிடையாது.

நாத்தனார் மட்டும் நம்பவே இல்லை. நான் மனசைத் தேற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறேன் என்றாள். வீடியோவை அனுப்பினால், "இது எப்ப எடுத்தது? முந்தா நாளா?" என்றாள். "யாரு இப்பிடிக் கெடத்துனது? பொணத்தக் கெடத்துன மாதிரிலா கெடக்கான்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. "நான்தான் அத்தை, நான்தான் எடுத்தேன்" என்றாள் அவள். கேள்வி புரியாமல் சொன்னாளா, என்னைக் காப்பாற்றச் சொன்னாளா, இன்றைக்கு வரை நான் கேட்டதில்லை.

அண்ணன் வாயால் பேசினால்தான் நம்புவேன், இல்லையென்றால் இப்போதே நடந்தாவது புறப்பட்டு வருகிறேன் என்று நாத்தனார் நின்றுவிட்டாள். வந்து தகரத்துக்கு வெளியே நின்று ஒப்பாரி வைத்தால் அவர் கேட்டுவிடுவார். அதைவிட நாமே சொல்வது மேல் என்று தோன்றியது. கதவோரம் உட்கார்ந்து அவரை எழுப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். படம், மாலை, மணி, குழி. செபமாலையை வைத்தது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

உள்ளே கட்டில் முனகியது, எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அப்ப, நாம சொன்ன செபம்?"

"உங்களுக்குத்தாங்க."

நர்ஸம்மா சொன்னது என் காதில் ஓடியது. நானே சேதியைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டேனே என்று இருந்தது. அப்புறம் கொண்டி எடுக்கிற சத்தம். கதவு ஒரு கை அகலம் திறந்தது. "போனைக் கொண்டா" என்றார்.

"எட்டி, நான்தான். அழாத."

"சத்தம் அண்ணன் சத்தம் மாதிரி இல்லையே. யாரு பேசுதீய?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "சின்னப்பிள்ளையில ஒன் புதுச் செருப்பு கெணத்துல கெடந்துச்சே. நாய் தூக்கிப் போட்டுதுன்னு நாயக் கட்டிவச்சு அடிச்சாவளே. நாய் இல்லட்டி. நான்தான் போட்டேன்."

அந்தப் பக்கம் ஒப்பாரி சட்டென்று நின்றது. "நெனச்சேன். அப்பவே நெனச்சேன். வாயில்லா ஜீவன அடி வாங்க வச்சுட்டு முழுச்சுக்கிட்டு நின்னியே பாவி" என்று நாத்தனார் திட்டத் தொடங்கினாள். கால்மணி நேரம் திட்டினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஊம் கொட்டினார். கடைசியில் சிரித்து, சிரிப்பு இருமலாகி, போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பிழைத்துக்கொண்டார். அது ஆண்டவருடைய இரக்கம். வேறு காரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தக் குழி மூடப்படவில்லை. வெட்டிய குழியை வெறுமனே மூட யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாம் நாள் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த இன்னொருவரை அதில் வைத்தார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்தான், இவர் வயசுதான். அந்த வீட்டாருக்கு அது யாருக்கு வெட்டிய குழி என்று தெரியுமா, எனக்குத் தெரியாது. கல்லறைத் திருநாள் அன்று இவர் எங்கள் மாமனார் மாமியார் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு, அங்கேயும் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். முதல் வருஷம் நான் கூடப் போனேன். மண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மழை பேஞ்சு மண்ணு எறங்கிட்டு பாத்தியா" என்றார், தன் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை.

மகள் அன்றைக்கே போனிலிருந்த படங்களை எல்லாம் அழித்துவிட்டாள். காலேஜுக்கு எதுவும் அனுப்பவில்லை. அந்தப் பாடத்தில் தோற்று, மறுபடி எழுதினாள். அதற்குப் பிறகு அவள் தன் அப்பாவை ஒரு படம் எடுத்தது கிடையாது.

அந்தப் பூப்போட்ட படம் மட்டும் அழியவில்லை. வருஷா வருஷம் எங்கிருந்தாவது, கீழே ஒரு புதுக் கதையோடு வந்துவிடுகிறது. ஒன்றில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று இருக்கிறது. ஒன்றில் மகள் பரிசுக்காகப் படம் எடுத்தாள் என்று இருக்கிறது. போன மாசம் வந்ததில், அப்பா கெஞ்சியும் கேட்காமல் கையைக் கட்டிப் படுக்க வைத்தாள் என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்த வீட்டார்தான் வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

நேற்றுக் காலைப் பூசைக்கு முன்னால் பங்குச்சாமியாரிடம் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "நீதான்னு எனக்குத் தெரியும். ஒன் கை தெரியாதா எனக்கு" என்றார். இன்று இந்த நோட்டை எடுத்தேன்.

அவர் கையைக் கூட்டியவள் நான். போர்வையை நேராக்கியவள் நான். செபமாலையைச் சுற்றியவள் நான். என் மகள் கண்டதைத்தான் எடுத்தாள். பழியை ஏற்றுக்கொண்டது மட்டும்தான் அவள் செய்த தப்பு. இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள், அந்தப் படம் போன வீட்டுக்கெல்லாம் இதுவும் போகட்டும். பூ வைக்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம், கோபப்பட்டு எதையும் கூட்ட வேண்டாம். எழுத்துப் பிழை இருந்தாலும் இருக்கட்டும். நான் எழுதியபடியே அனுப்புங்கள்.