கால்பட்டி இறுக்கிய நாட்கள்

என் வீட்டுக்காரர் மதுரையில் ரிசர்வ் போலீஸ் கான்ஸ்டபிளாக இருந்தார். அவருடைய நோய் வலது காலில் தொடங்கியது. அப்படித்தான் நான் நினைத்தேன்.

போலீஸ்காரர்கள் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை காக்கித் துணியை இறுகச் சுற்றிக்கொள்வார்கள். கால்பட்டி என்போம். ஒரு நாள் காலையில் அதைச் சுற்றும்போது பாதியில் உதறிவிட்டு எழுந்தார். முகமெல்லாம் வேர்வை.

"முடியல புள்ள. காலு என்னமோ பண்ணுது."

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். பயப்படப் படிப்பு வேண்டியதில்லையே. யானைக்காலோ, விஷக்கடியோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீக்கமில்லை, தடிப்பில்லை. நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். போலீஸ் ஆஸ்பத்திரியில் வாதம் (மூட்டுப் பிடிப்பு) என்று தைலம் தந்தார்கள்.

அணிவகுப்பில் பட்டி தளர்ந்திருந்தால் தண்டனையாக மணல் மூட்டையைச் சுமந்து மைதானத்தைச் சுற்ற வேண்டும். அதனால் தினமும் நானே சுற்றிவிட்டேன், அவிழாதபடி. அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். வலி என்று நினைத்து நான் இன்னும் வேகமாக இறுக்குவேன்.

பக்கத்து வீட்டு ஏட்டையா அதைப் பார்த்துவிட்டார். "என்ன மாப்ள, பொண்டாட்டி காலப் புடிச்சாத்தான் டூட்டிக்கு வருவீகளோ?" போலீஸ் லைன் வீடுகளெல்லாம் சிரித்தன. இவரும் சிரித்தார். சிரித்த முகத்தில் உதடு மட்டும் வெளுத்திருந்தது.

யுத்த காலம் அது. வெள்ளைக்காரனை எதிர்த்து ஊரில் ஊர்வலமும் தடியடியுமாக இருந்தது. மறுபடி கூட்டம் கலைக்கப் போகச் சொல்லி வரிசையில் நிறுத்தியபோது, இவர் பட்டியைப் பிய்த்தெறிந்துவிட்டு ஓடி வந்துவிட்டார். டூட்டிக்குப் பயந்து நடிக்கிறான் என்று மேலே எழுதிவிட்டார்கள். டாக்டரும் அதையே சொல்லிவிட்டால் வேலையும் போகும், பென்ஷனும் போகும், குடியிருக்கும் வீடும் போகும்.

பரிசோதனைக்குப் பெரிய டாக்டரிடம் அனுப்பினார்கள். நானும் போனேன். அவர் முட்டியை அமுக்கினார், பாதத்தை மடக்கினார். வலியே இல்லை. நடிப்பென்று எழுதிவிடுவாரோ என்று அவர் பேனாவையே பார்த்தேன்.

"எப்ப வலிக்குது?"

"பட்டி கட்டுறப்ப மட்டுந்தாங்கய்யா" என்று நான் முந்திக்கொண்டேன்.

"கட்டிக் காட்டும்மா."

இரண்டு சுற்றுக்கூட ஆகவில்லை. "விடுப்பா... கைய எடு, விட்டுருப்பா" என்றார் இவர். பார்வை என்மேல் இல்லை.

"யாரப்பா கைய எடுக்கச் சொல்ற?" டாக்டர் அதட்டாமல் கேட்டார்.

இவர் தன் காலைப் பார்த்தபடியே சொன்னார். "கூட்டத்தக் கலைக்கையில ஒருத்தன் விழுந்துட்டான்யா. மண்டையில ரத்தம். 'அண்ணே, போட்டுட்டுப் போயிராதீக'ன்னு என் காலக் கட்டிக்கிட்டான். விசில் ஊதிட்டாக. உதறிட்டு ஓடிட்டேன். இருக்கானோ, செத்தானோ."

என் கையிலிருந்து துணி நழுவியது. தினமும் காலையில் அந்தப் பிடியை அல்லவா நான் இறுக்கியிருக்கிறேன்.

"பைத்தியமாங்கய்யா?"

"இல்லம்மா. சண்டைக்குப் போன சிப்பாய்களுக்கு இப்படி வரும். ஷெல் ஷாக்குன்னு சொல்வாங்க, பேரதிர்ச்சியில நரம்பு கலங்குறது. இது நடிப்பில்லைன்னு நான் எழுதுறேன்."

எழுதினார். வேலைக்குத் தகுதியில்லை என்று சிறு பென்ஷனோடு அனுப்பினார்கள். வீட்டைக் காலி செய்து சமயநல்லூருக்கு வந்து, என் அண்ணனின் வயலை, விளைச்சலில் பங்கு தருவதாக, வாரத்துக்கு எடுத்தோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எங்கே வலிக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொழி உழவன்று வரப்பிலேயே நின்றுவிட்டார். சேறு முழங்கால் வரை கவ்வுமே. அது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இறங்கினார், பதறி ஏறினார். அன்று முழுக்க அதுதான் நடந்தது. விதைத்தால்தான் சோறு.

இப்போது இறங்குகிறார். நடு வயலில் நின்று, "சேறுதான புள்ள?" என்பார்.

"சேறுதாங்க."

வருஷங்கள் ஓடிவிட்டன என்கிறார்கள். அந்தக் காலுக்கு அது போன வாரம் நடந்ததுதான். சில நாள் கேட்காமலே வேலையை முடித்துவிடுகிறார். அந்த நாட்களில்தான் எனக்குப் பயம், பழையபடி உள்ளேயே அடக்கிக்கொள்கிறாரோ என்று. கரையேறி அவர் கால் கழுவும் சத்தம் கேட்கும்வரை வரப்பிலேயே நிற்கிறேன்.