பாட்டு நின்னா டிக்கெட்

சங்ககிரிக்கு மேற்கே லாரிகள் மூச்சு வாங்கி ஏறும் மேட்டைத் தாண்டினால் தங்கமயில் தியேட்டர். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. சுத்துப்பட்டில் கொட்டாய் என்றால் அதுதான். செல்லமுத்துவுக்கு வீடும் அதுதான். மீசை அரும்பும் வயசில் டிக்கெட் கிழிக்க வந்தவர், கவுண்டரில் உட்கார்ந்து, மேனேஜராகி, திரைக்குப் பின்னாலிருந்த அறையிலேயே நரைத்துப்போனார். கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், "ரெண்டாமாட்டம் உட்டு வாரவனுக்கு எவ எந்திரிச்சுச் சோறு போடுவா?" என்பார்.

பெரிய முதலாளி போனபின் கொட்டாய் பல வருசம் பூட்டிக் கிடந்தது. வௌவாலுக்கும் செல்லமுத்துவுக்கும் மட்டும்தான் அங்கே குடியிருப்பு. போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழிலில் இருந்த முதலாளியின் மகன் நவநீதகிருஷ்ணன் பின்னாலேயே செல்லமுத்து அலைந்தார்.

"தம்பி, புதுசாக்கித் தொறந்து மட்டும் பாருங்க. சனம் வரலீன்னா என்ற பேர மாத்திக்கறேன்."

"உங்க பேர மாத்தி நான் என்னங்கண்ணா பண்றது?" என்று சிரித்தாலும், கடைசியில் நவநீதகிருஷ்ணன் இறங்கி வந்தார்.

தகரம் போய்ப் புதுக்கூரை வந்தது. குஷன் சீட், ஏசி, டிஜிட்டல் மெஷின் எல்லாம் வந்தன. படப்பெட்டி கிடையாது இனி. படக் கம்பெனி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ரகசிய எண் அனுப்பும். அதற்குப் பெயர் சாவி. சாவி வந்தால்தான் படம் ஓடும். பழைய பெஞ்சு இரும்போடு, கூரைமேல் இருந்த கூம்பு ஸ்பீக்கர்களையும் செல்லமுத்துவே கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டார். சவுண்டு மாட்ட வந்தவன் அதைப் பார்த்து, "இதென்னங்க, மாரியாத்தா பண்டிகையா?" என்று கேட்டபோது அவரும் சேர்ந்து சிரித்தார்.

பொங்கலுக்குத் திறந்தார்கள். பைக்கில் வந்த பையன்கள் சீட்டில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த வாரமே ஈரோட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் காலி சீட்டுக்குத்தான் ஏசி ஓடியது.

மாசியில் நவநீதகிருஷ்ணன் வந்து நின்றார். "டயர் கம்பெனிக்காரங்க குடோனுக்குக் கேக்கறாங்கண்ணா. புதுக்கூரை, புதுக் கரெண்டு லைன், அவங்களுக்குன்னே கட்டுன மாதிரி இருக்குதாம். பங்குனி பொறக்கறதுக்குள்ள ஒரு ஆட்டமாவது பாதிக் கொட்டாய் ரொம்போணும். இல்லீன்னா அப்புறம் நீங்க ஒண்ணும் பேசப்படாது."

செல்லமுத்து விடவில்லை. போனிலேயே டிக்கெட் போட்டுக்கொள்ளலாம் என்று ரோட்டில் பேனர் கட்டினார். யாரும் போடவில்லை.

மாசிக் கடைசியில், தோட்டங்காட்டுக்குள் குடியிருக்கும் அக்கா குப்பாயி வீட்டில் காதுகுத்து. பந்தியில் அவர் இலைக்கு ரசம் ஊற்றிக்கொண்டே அக்கா கேட்டாள்:

"ஏஞ்சாமி, கொட்டாய் வேலை இன்னும் முடியிலியா?"

"தொறந்து ரெண்டு மாசமாச்சே அக்கா!"

"போடா, கத உடாத. பாட்டே போடுலியே!"

பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். "நாங்களும் தெனம் காத அந்தப் பக்கமே வெச்சுக்கிட்டுத்தான் களை வெட்றோம். பாட்டுப் போடாம எந்த ஊர்லங்க படம் போடுவாங்க?"

செல்லமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆட்டத்துக்கு முன்னால் கூம்பில் பிள்ளையார் பாட்டு எழுந்தால் காட்டில் கை கழுவுவார்கள். அடுத்த பாட்டுக்குள் தலை வாரி, சேலை மாற்றிக் கிளம்பிவிடுவார்கள். பாட்டு நின்றால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம் வரப்பில் ஓட்டம்தான். வயசெல்லாம் அந்தப் பாட்டைப் போட்ட கைதான் கூம்பைக் கழற்றி விற்றது.

மைக்செட் அன்புவைக் கெஞ்சி ஒரு கூம்பு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை வெயிலில் கூரையேறிக் கட்டி, ஆம்ப்ளிஃபயரையும் பக்கத்திலேயே வைத்து, பாட்டைப் போட்டார்.

முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு சோளக்காட்டு ஓரத்தில் ஒரு சிவப்புச் சேலை தெரிந்தது. அதன் பின்னால் மஞ்சள், பச்சை. ரெண்டாம் பாட்டு முடிவதற்குள் நாலு பக்க வரப்பிலும் ஆள் நடமாட்டம். பாதிக் கொட்டாய் என்ன, இது தாங்காது. செல்லமுத்துவுக்குக் கண்ணை மறைத்தது.

போன் அடித்தது. நவநீதகிருஷ்ணன்.

"அண்ணா, பாட்டுச் சத்தம் இங்க ரோடு வரைக்கும் கேக்குது. நிறுத்துங்க."

"தம்பி, சனம் வருது தம்பி! ஓடியாந்து பாருங்க!"

"காலைல டயர்காரங்களுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனுங்கண்ணா. இன்னைக்கு உட்டா வேற எடம் பாத்துக்கறோம்னாங்க. படக் கம்பெனிக்கும் சொல்லியாச்சு. இனிச் சாவி வராது."

"இந்த ஒரு ஆட்டத்துக்கு…"

"வராதுங்கண்ணா."

செல்லமுத்து ஆம்ப்ளிஃபயர் முன்னால் குத்தவைத்தார். பாட்டை ஓட விட்டால் தூரத்துக் காட்டில் இருப்பவர்களும் கிளம்பி வந்துவிடுவார்கள். கேட்டில் நின்று அத்தனை பேருக்கும் படம் இல்லை என்று சொல்ல அவர்தான் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு பாட்டை நிறுத்தினார்.

கண்ணைத் திறந்தபோது, வரப்பில் முன்னால் வந்துகொண்டிருந்த குப்பாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்திருந்தாள். அவள் பின்னால் எல்லோரும் ஓடி வந்தார்கள்.