அழுமூஞ்சி, பேக்கிங் பிரிவு

அந்த லாட்ஜில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜருக்கும் அக்கா, நேற்று வேலைக்குச் சேர்ந்த ரூம் கிளீனருக்கும் அக்கா. படிக்கட்டுக்குக் கீழே ஜன்னல் இல்லாத சலவை அறையில், யார் யாரோ படுத்து எழுந்து போன விரிப்புகளை வெளுத்துக் காயப்போட்டு மடித்து அடுக்குவது அவள் வேலை. வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. வம்புக்குப் போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த அறைக்கு ஒரு மத்தியானம் மூச்சிரைக்க வந்து நின்றாள் சீல்காரி. முன்பு இருவரும் ஒரே பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள். பாக்கெட்டுக்கு சீல் வைக்கிற மெஷினில் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். முதலாளி கடைசி மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்காமல் கம்பி நீட்டியபோது, இருவரும் சேர்ந்துதான் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"அக்கா, நம்ம பணம் வந்திருக்கு. மெஷினையெல்லாம் கோர்ட்ல ஏலம் விட்டு, அந்தப் பணத்தை அப்பவே அரசாங்கத்துக்கிட்ட கட்டிட்டாங்களாம். யாரும் கேட்டு வரலைன்னு சும்மா கிடக்குது. இப்ப லிஸ்ட்டை நெட்ல போட்டிருக்காங்க. நான் போன வாரம் வாங்கிட்டேன்."

யாரும் கேட்டு வரவில்லையாம். யாரிடம் சொன்னார்கள், கேட்டு வருவதற்கு? கரண்ட் பில் கட்ட நாலு நாள் பிந்தினால் வீடு தேடி வந்து ஃபியூஸைப் பிடுங்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அதே வீட்டில் இருக்கிற ஒருத்திக்குச் சேரவேண்டிய சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுக்க மட்டும் வழி தெரியவில்லை. அக்கா கையிலிருந்த விரிப்பை ஓங்கி உதறினாள். அவள் புருஷன் லோடு தூக்கித் தூக்கி இடுப்பு போய்ப் படுத்திருந்த வருடம் முழுக்க அந்தப் பணம் ஏதோ ஒரு கணக்கில் சொகுசாகத் தூங்கியிருக்கிறது.

"என் பேரு இருக்கா?" என்றாள்.

சீல்காரி போனைத் தடவிக்கொண்டே இழுத்தாள். "உங்க நிஜப் பேர்ல தேடினேன், இல்ல. உங்க பேர்ல பேக்கிங்ல நாலு பேர் இருந்தீங்கல்ல? குழப்பம் வேணாம்னு அந்தக் கணக்குப்பிள்ளை புண்ணியவான் எல்லாருக்கும் பட்டப்பேரை எழுதி வச்சிருக்கான். நெட்டச்சி, சுருட்டை, சின்னக்குட்டி... அப்புறம் இது." சிரிக்க ஆரம்பித்தவள், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

திரையில் கொட்டை எழுத்தில் இருந்தது: அழுமூஞ்சி, பேக்கிங் பிரிவு.

அந்தப் பெயர் வந்த கதை சீல்காரிக்குத் தெரியாது. அவள் அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவள். அக்காவின் முதல் குழந்தை காய்ச்சலில் இறந்துபோய் மூன்றாவது நாள், சூப்பர்வைசர் ஆள் அனுப்பினார். ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, நாளைக்கு வரவில்லை என்றால் இனிமேல் வரவே வேண்டாம். வந்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டு பெல்ட்டுக்கு முன்னால் நின்றாள். பிஸ்கட் வரிசை வரிசையாக வந்துகொண்டே இருந்தது. கண்ணீரும் வந்துகொண்டே இருந்தது. கையில் உறை, துடைக்கவும் வழியில்லை. "ஏய் அழுமூஞ்சி, பிஸ்கட்டை நனைச்சுத் தொலைக்காதே!" என்று சூப்பர்வைசர் கத்தினார். கத்திவிட்டுத் தானே சிரித்தார். அவர் சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள்.

அந்த ஒரு நாளைக்குப் பிறகு அவள் அந்த ஷெட்டில் அழுததே இல்லை. பெயர் மட்டும் போகவில்லை. சம்பளக் கவர் மேல் அதுதான், ஓவர்டைம் போர்டில் அதுதான். புதிதாக வந்த பெண்கள் கள்ளங்கபடமில்லாமல் "அழுமூஞ்சிக்கா, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பார்கள். கேட்கிறவள் மேல் எப்படிக் கோபப்படுவது? பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு வருடம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சீல்காரி வந்துபோன அன்றைக்குத்தான் புருஷனிடம் சொன்னாள். வாடகை வீட்டின் சொந்தக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் அட்வான்ஸைக் கூட்டிக் கொடு, இல்லையென்றால் காலி செய் என்று கறாராகச் சொல்லியிருந்தார். இந்தப் பணம் வந்தால் அதைக் கொடுத்துவிடலாம், மிச்சம்கூட இருக்கும். அதனால் புருஷன் முதலில், "எந்தப் பேர்ல வந்தா என்ன, நம்ம பணம்தானே?" என்றான். பெயர் வந்த கதையைக் கேட்டபின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திரும்பாமலே, "போகாதே. வேற வீடு பாத்துக்கலாம்," என்றான்.

"ஏன் போகக்கூடாது? நின்னு நின்னு காலு வீங்கினது எனக்கு. என் சம்பளத்தை நான் ஏன் விடணும்?" என்று அவன் மேல் எரிந்து விழுந்தாள்.

போனாள். பணம் கொடுக்கிற அரசாங்க ஆபீஸ் ஹாலில் உட்கார இடமில்லை. ஏதேதோ கம்பெனிகளில் உழைத்துவிட்டு ஏமாந்த கூட்டம். கவுன்டரில் இருந்த ஆள், தலையைத் தூக்காமல், ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான்: "அழுமூஞ்சி! அழுமூஞ்சி யாரும்மா?" எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா எழுந்து நடந்தாள். சிரித்தவர்களை முறைத்துக்கொண்டே நடந்தாள்.

உள்ளே இருந்த அதிகாரி சின்ன வயதுக்காரர், தன்மையாகப் பேசினார். அந்தப் பெயருக்கு உரியவள் தான்தான் என்று அவள் எழுதித் தரவேண்டும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்றும் சொல்லவேண்டும். கூட வேலை பார்த்த ஒருவரும் மேலே இருந்து வேலை வாங்கிய ஒருவரும் அதன் கீழே சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். கூட வேலை பார்த்தவள் சீல்காரி, சரி. மேலே இருந்தவர்களில் முதலாளி போன இடம் தெரியாது, கணக்குப்பிள்ளை உயிரோடு இல்லை. மிச்சம் ஒரே ஒரு ஆள்.

இரண்டு நாள் கழித்து அந்த ஆளையும் சீல்காரி தேடிப்பிடித்து அதிகாரியின் அறைக்குக் கூட்டிவந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, நரைத்த மீசை, மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற பளபளப்பு. "நல்லா இருக்கியாம்மா?" என்று சிரித்தார் சூப்பர்வைசர். அக்கா நாற்காலியை அதிகாரி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இவங்களுக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு சார்?" என்று அதிகாரி அவரையே கேட்டார்.

"பாசமா வச்ச பேரு சார். ஒரே குடும்பம் மாதிரி இருந்தோம்ல? இது எதுக்கெடுத்தாலும் பொசுக்குன்னு அழும். சும்மா ஒரு விளையாட்டு."

அதிகாரி எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க," என்றாள் அக்கா. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அது பொய். என் புள்ள செத்து மூணாவது நாள் இவரு என்னை வேலைக்கு வரச் சொன்னாரு. வந்தேன். பெல்ட்டுல நின்னு அழுதேன். பிஸ்கட் நனையுதுன்னு இந்தப் பேரு வச்சாரு. அதை எழுதுங்க."

சீல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை ஆயிரம் தடவை அவளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்!

சூப்பர்வைசர் விழித்தார். "சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லம்மா."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தார். அவர் மறுத்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். வீட்டுக்குப் போய், கை கழுவிச் சாப்பிட்டு, அதை மறந்தே போயிருக்கிறார் என்பதில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு ஏன் ஞாபகம் இருக்கணும்? செத்தது உங்க வீட்டுப் புள்ளயா?"

அதிகாரி அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, காகிதத்தைத் திருப்பி வைத்தார். அக்கா கையெழுத்துப் போட்டாள். சீல்காரி போட்டாள். சூப்பர்வைசர் மட்டும் பேனாவைத் தொடவில்லை. "இதுல நான் எப்படிப் போடுறது? நாளைக்கு யாராவது பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

அதிகாரி தயங்கினார். "அம்மா, காரணத்துல வெறும் பட்டப்பெயர்னு மட்டும் போட்டுக்கலாமே. உங்க பணமும் மாசக் கடைசிக்குள்ள வந்துடும், இவருக்கும் சங்கடம் இல்ல."

மாதக் கடைசி என்றதும் வீட்டுச் சொந்தக்காரரின் முகம் அவள் கண்முன்னால் வந்துபோனது. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற புருஷனும் வந்துபோனான். ஒரு நிமிடம் ஆடித்தான் போனாள்.

"வேணாம் சார். பதினோரு வருஷம் இவரு கூப்பிட்டப்பல்லாம் என்னன்னு திரும்பிப் பாத்தேன். எனக்கும் அப்ப சங்கடமாத்தான் இருந்துச்சு. போட்டா இதுல போடட்டும். இல்லைன்னா அந்தப் பணம் உங்ககிட்டயே கிடக்கட்டும், நான் தெருவுல இருந்துக்கறேன்."

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்ற நாலைந்து பேர் சூப்பர்வைசரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கொல்லென்று சிரித்தவர்களில் ஒருத்தியும் அதில் இருந்தாள். அவர் சட்டைப்பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி முத்திரை குத்தி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அக்கா அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு எழுந்தபோது சூப்பர்வைசரும் எழுந்தார்.

"ஆம்பளப் புள்ளயாம்மா, பொம்பளப் புள்ளயா?"

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதைக் கேக்க வேண்டிய நாள்ல நீங்க கேக்கல," என்றாள். "இனிமே உங்களுக்குச் சொல்லமாட்டேன்."