டெல்பர்ட் வேண்டாமென்ற பையன்

உள்ளங்கையைத் திரையில் வைத்து, பந்து இருக்கும் இடத்தை மறைத்துக்கொண்டுதான் டெல்பர்ட் ஸ்டாங்கிள் ஆட்டப் படங்களைப் பார்க்கிறார். பந்து போகும் பக்கமெல்லாம் கையும் போகும். இன்னொரு கையில் வேர்க்கடலை. கடலைக் கையும் திரைக் கையும் அவ்வப்போது மாறிவிடுவதால், சாயங்காலம் உப்பும் எண்ணெயும் படிந்த திரையைத் துடைப்பது என் தலையில் விழுகிறது. அணியின் படத்தொகுப்பு அறைக்கு நான் வேலைக்கு வந்தபோது இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை.

"டெல், நீங்க பாத்து முடிச்சா திரையிலயே முட்டை பொரிக்கலாம் போலிருக்கு."

"பந்து பொய் சொல்லும் அம்மாடி. ஸ்டேடியம் முழுக்க அதைத்தான் பாக்குது. நான் ஒருத்தனாவது காலைப் பாக்கறேனே, விடு."

போர்ட் ஹாலம் கொல்லர்கள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்காகக் கல்லூரி மைதானங்களில் ஆள் தேடுவது அவர் பிழைப்பு. கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, டென்னசியின் மலைப்பக்கம், இதுதான் அவருக்கு ஒதுக்கிய வட்டாரம். நிலக்கரி தீர்ந்துபோன ஊர்களும் சின்னச் சின்னக் கல்லூரிகளும் உள்ள அந்தப் பக்கத்துக்கு வேறு யாரும் ஆசைப்படுவதில்லை. பழைய பழுப்பு கோட்டும், விடுதித் தலையணைகளை நம்பாமல் வீட்டிலிருந்து எடுத்துப்போகும் சொந்தத் தலையணையுமாகக் காரில் கிளம்பினால், வீடு திரும்ப வாரக்கணக்காகும். காரில் தேவாலயப் பாட்டுகளைக் கத்திப் பாடுவார். ஒருமுறை கூடப் போய்விட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு கல்லூரிக்குப் போனால் முதலில் பயிற்சியாளரைப் பார்க்கமாட்டார். ஆட்டக்காரர்களின் அழுக்குச் சட்டைகளைத் துவைக்கிறவரைத் தேடிப் போவார், பிறகு சாப்பாட்டுக் கூடத்துப் பெண்களை. "பயிற்சியாளருக்கு அவன் பையன விக்கணும். துவைக்கிறவருக்கு விக்க ஒண்ணுமில்ல, நெஜத்தச் சொல்வாரு" என்பார். ஒரு பையனைப் பற்றி "மோசமில்ல" என்று அவர் சொன்னால் அது தங்கப் பதக்கத்துக்குச் சமம். "நல்ல குடும்பத்துப் பையன்" என்றால் அவன் கதை முடிந்தது, அவனுக்கு ஆடத் தெரியாது. எங்கள் பொது மேலாளர் கார்வர் லிண்டைத் "தம்பி" என்று கூப்பிடுகிற ஒரே ஆளும் இவர்தான். லிண்டுக்கு அது பிடிக்காது. சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் உள்ளுக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் அணிகள் முறை வைத்துக் கல்லூரிப் பையன்களை எடுத்துக்கொள்ளும் அந்த நாளில், யாரை எடுக்கிறோமோ அவனைக் கண்டுபிடித்தவரே அவனுக்கு முதல் ஃபோன் போடுவது எங்கள் அணியின் வழக்கம். 'தம்பி, நீ எங்க ஆளு' என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் ஒரு வீடே அலறும், அம்மாக்கள் அழுவார்கள். முதல் சுற்றில் அந்த ஃபோனைப் போடும் வாய்ப்பு டெல்பர்ட்டுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. அவருடைய மலைப்பக்கத்துப் பையன்கள் எல்லோரும் கடைசிச் சுற்றுகளில், அறையில் பாதிப்பேர் கொட்டாவி விடும் நேரத்தில்தான் வருவார்கள். மற்றவர்கள் ஃபோனில் கத்தும்போது இவர் ஒரு ஓரமாக நின்று, சத்தமில்லாமல் அதே வார்த்தைகளுக்கு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே பாவமாக இருக்கும்.

இந்த வருஷம் அவர் வட்டாரத்திலிருந்தே வெஸ்லி ஹோக் வந்தான்.

குவாட்டர்பேக். பந்தைக் கையில் வாங்கி, தன்மேல் பாய வருகிறவர்களுக்கு நடுவில் அசையாமல் நின்று, தூரத்தில் ஓடும் தோழனுக்கு எறிகிறவன். ஓர் அணியின் தலையெழுத்தே அவன் தோளில்தான் இருக்கிறது என்று எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். வெஸ்லி பள்ளிக்கூடத்தில் ஆடும்போதே டெல்பர்ட் அவனைப் பார்த்துவிட்டார். அவன் அம்மா டார்லீன் வீட்டில் பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார். அவனைப் பற்றி அவர் முதன்முதலாக என்னிடம் பேசியபோது "மோசமில்ல" என்றுகூடச் சொல்லவில்லை. கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, "பாரு" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போன பருவத்தில் கேவலமாகத் தோற்றிருந்தோம். மோசமாகத் தோற்றவனுக்கு முன்வரிசை என்பது இந்த விளையாட்டின் கருணை, அதனால் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை எங்களுக்கு வந்தது. முதல் அணி வேறொருவனை எடுக்கப்போவது ஊரறிந்த விஷயம். ஆக எங்கள் முன்னால் இரண்டே பேர். ஒருவன் வெஸ்லி. மற்றவன் யூட்டாவிலிருந்து சேமிசி வைபூலு, பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். எதிரணியின் குவாட்டர்பேக் மேல் பாய்ந்து, அவன் எறியுமுன் அவனை வீழ்த்துவதே சேமிசியின் தொழில். அவன் கதவில் நுழையும்போது கதவுக்குத்தான் கஷ்டம். அவனைக் கண்டுபிடித்தவர் மேற்கு வட்டாரத்துக்காரர் ராமிரோ குவின்டெரோ.

ஊர் பைத்தியம் பிடித்து அலைந்தது. முடிதிருத்தும் கடையில், பெட்ரோல் போடும் இடத்தில், சாவு வீட்டில்கூட இதே பேச்சு. வானொலியில் ஒரு ஆள் அழுதேவிட்டான்: "எங்க தாத்தா ஒரு நல்ல குவாட்டர்பேக்கப் பாக்காமலே செத்தாரு. எங்கப்பாவும் போயிட்டாரு. என்னையாவது பாக்க விடுங்கய்யா!"

யாரை எடுப்பது என்று முடிவு செய்யும் கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள் டெல்பர்ட் என் அறைக்கு வந்து ஒரு படம் வெட்டித் தரச் சொன்னார். வெஸ்லியின் எறிகளைத்தான் கேட்பார் என்று நான் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன்.

"அது வேணாம். கிரேடியோட படம் குடு. அவன் வந்த வருஷத்து ஆட்டம் கொஞ்சம், கடைசி வருஷத்து ஆட்டம் கொஞ்சம்."

கிரேடி எங்கள் பழைய குவாட்டர்பேக். பெரிய நம்பிக்கையோடு வந்தவன், இப்போது எங்கோ படகு விற்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் டெல்பர்ட்டின் முகம் கேள்வி கேட்க விடுகிற முகமாக இல்லை, வெட்டிக் கொடுத்தேன்.

கூட்டத்தில் படத்தை ஓட்டும் வேலை எனக்கு. லிண்ட் நேரே விஷயத்துக்கு வந்தார். "டெல், வெஸ்லி உங்க ஆளு. நீங்க சொல்லுங்க, எடுத்துடுவோம்." அறை முழுக்க அவரையே பார்த்தது. அவர் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

டெல்பர்ட் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "கிரேடி கண்ண மட்டும் பாருங்க" என்றார்.

முதல் வருஷத்து கிரேடி பந்தை வாங்கி நிமிர்கிறான். பார்வை மைதானத்தின் அந்தக் கோடியில், தன் தோழன்மேல். முன்னால் சுவராக நின்று காக்க வேண்டிய ஐந்து பேரையும் தள்ளிக்கொண்டு எவனோ வந்து அவனை அடிக்கிறான். எழுகிறான். மறுபடி அடி. அப்புறம் கடைசி வருஷம். பந்தை வாங்குகிறான், பார்வை மேலே போகவே இல்லை. பாய வருகிறவர்களையே பார்க்கிறான். யாரும் கிட்டே வராதபோதும் தோளைச் சுருக்குகிறான். அந்தப் பக்கம் தோழன் ஒருவன் தனியாக நின்று கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான், கிரேடிக்கு அது தெரியவே இல்லை. இந்தப் படங்களை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். இதை அன்றுதான் பார்த்தேன்.

"இவனும் தைரியசாலியாதான் வந்தான்" என்றார் டெல்பர்ட். "அந்தச் சுவர் அஞ்சு பேரும் இன்னும் நம்ம சம்பளத்துலதான் இருக்காங்க. பையன் நல்லவன் தம்பி. நம்ம வீடுதான் சரியில்ல."

லிண்டுக்கு முகம் சிவந்தது. "அப்போ வேண்டாம்ங்கிறீங்களா? நீங்களா?"

"சேமிசிய எடுங்க. குவாட்டர்பேக் பத்து பேர நம்பி நிக்கறான். இவன் யாரையும் நம்பல. நாம எவ்வளவு மோசமா இருந்தாலும் இவன் இவன் வேலையச் செய்வான். முதல்ல சுவரக் கட்டுங்க, அப்புறம் எறியறவனக் கூப்பிடுங்க."

குவின்டெரோ நாற்காலியில் நெளிந்தார். தன் ஆளுக்காகச் சண்டை போட ராத்திரியெல்லாம் தயாராகி வந்தவர், இப்போது யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் விழித்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தான் கண்டெடுத்த பையன்மேல் பித்துப்பிடித்து, அவனுக்காக மேசையைக் குத்துவது. அடுத்தவன் கண்டெடுத்த பையனுக்காக மேசையைக் குத்தியவரை அன்றுவரை அந்த அறை கண்டதில்லை.

லிண்ட் விடவில்லை. "பாசத்துல பேசறீங்க டெல். அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கீங்க. நீங்க யாருக்கு வேல பாக்கறீங்க? எங்களுக்கா, அவன் அம்மாவுக்கா?"

அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். டெல்பர்ட் மட்டும் குனியவில்லை.

"பாசத்துக்குப் பேசறதா இருந்தா அவன இங்க கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பேன் தம்பி. தெனமும் கண்ணால பாக்கலாமே."

பெரிய மனிதர்கள் என்று பலரை நான் பார்த்திருக்கிறேன். கோப்பையைத் தூக்கியவர்கள், சிலை வைக்கப்பட்டவர்கள். அவர்களில் யாரையும் அந்த நிமிஷத்தில் டெல்பர்ட்டுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கோட்டு மேலெல்லாம் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. அதோடு போய் உட்கார்ந்தார்.

சேமிசியைத்தான் எடுத்தோம். ஃபோனை குவின்டெரோ போட்டார், அந்தப் பக்கம் டோங்கா மொழியில் ஒரு ஊரே பாடியது. அறையில் எல்லோரும் கைதட்டினோம், டெல்பர்ட்டும் தட்டினார். எங்களுக்கு அடுத்து இருந்த மலைநாட்டு அணி, உறுதியான சுவர் உள்ள அணி, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வெஸ்லியை அள்ளிக்கொண்டது. போர்ட் ஹாலம் எங்களைக் காறித் துப்பியது. "கொல்லர்களுக்கு மூளை இருந்த எடத்துல இரும்புதான் இருக்கு" என்று வானொலி ஆள் கத்தினான். டெல்பர்ட்டின் பெயர் வெளியே தெரியாததால் அவரை யாரும் திட்டவில்லை. தெரிந்திருந்தால் ஊரில் கடலை வாங்க முடிந்திருக்காது.

நவம்பரில் வெஸ்லியின் அணி எங்கள் ஊருக்கு ஆட வந்தது. ஏரிக்காற்று பற்களை ஆட்டியது. பத்திரிகைக்காரர்கள் உட்காரும் மேல்மாடக் கூண்டில் நானும் டெல்பர்ட்டும் அடுத்தடுத்து இருந்தோம். அங்கே யாருக்காகவும் சத்தம் போடக்கூடாது என்பது விதி. வெஸ்லி அருமையாக ஆடினான். அவன் சுவர் பெரும்பாலும் நின்றது. எங்கள் சேமிசியை இரண்டு பேர் சேர்ந்து தடுத்தார்கள், அவன் சளைக்காமல் முட்டிக்கொண்டே இருந்தான். வெஸ்லியும் சேமிசியும் டெல்பர்ட் சொன்னபடியே இருந்தார்கள். அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

"எந்தப் பக்கம் டெல் நீங்க?"

"சம்பளம் வாங்கற பக்கம் அம்மாடி" என்றார்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் சேமிசி ஒருவனைச் சுற்றி, இன்னொருவனுக்குக் கீழே தோளை நுழைத்து, வெளியே வந்துவிட்டான். அவனுக்கும் வெஸ்லிக்கும் நடுவில் வெறும் புல் மட்டும். வெஸ்லி முதுகைக் காட்டி நின்றான், வருகிறவனை அவன் பார்க்கவில்லை. ஸ்டேடியமே எழுந்து நின்று அலறியது. என்னையும் அறியாமல் நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் நாற்காலிச் சக்கரம் கிரீச்சிட்டது. டெல்பர்ட் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

அடி விழுந்த சத்தம் கூண்டு வரைக்கும் கேட்டது.

"எழுந்துட்டானா?" என்றார் சுவரிடம்.

"இல்ல டெல். இருங்க... முட்டி போடறான். சேமிசி கை குடுக்கறான்... எழுந்துட்டான்."

அவர் திரும்பவில்லை. கீழே மறுபடி வரிசை கட்டினார்கள். வெஸ்லி பந்தைக் கையில் வாங்கினான். சேமிசி மறுபடியும் அவனை நோக்கிக் கிளம்பியிருந்தான்.

"எங்க பாக்கறான்?"

"தூரமா, டெல். அந்தக் கோடிய பாக்கறான்."

டெல்பர்ட் நாற்காலியைத் திருப்பி மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.