கரைவலைக் கயிறும் லம்பேட் பிறதரும்

செவ்வாய்க்கிழமை கணக்குப் பாடத்தின் நடுவே தேவாலய மணி ஒற்றை ஒற்றையாக அடித்தது. லம்பேட் பிறதர் காலமாகிவிட்டார் என்று ரீச்சர் சொன்னா.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐரோப்பாவில் பிறந்த துறவி. பூசை வைக்கும் குருவானவர் அல்லர். மடத்துத் தச்சுவேலை அவருடையது. எங்கள் முல்லைத்தீவுக் கரையின் வள்ளங்களையும் அவரே திருத்தினார். மீனவரிடம் தமிழ் கற்றவர். "என்ர தோல் மட்டும்தான் இன்னும் கப்பலால இறங்கேல்லை" என்பார்.

போன வருடம் அவருடைய நாட்டில் புதிய தேசியக் கட்சி ஒன்று தேர்தலில் இடங்கள் பிடித்ததாக வானொலியில் செய்தி வந்தது. அந்நியரை வெளியேற்ற வேண்டும் என்பதே அதன் பேச்சு.

"உங்கட ஆக்கள் வெண்டிட்டினம், பிறதர். அந்தச் சந்தோசத்துக்கு எங்களுக்கொரு தேத்தண்ணி இல்லையோ?" என்று அப்பா சிரித்தார்.

பிறதர் சீவுளியைக் கீழே வைத்தார். "நான் பெடியனா இருக்கேக்கையும் இப்பிடித்தான் ஒரு கட்சி வந்தது, தம்பி. முதல் பாட்டுப் படிச்சினம். பசிச்சவைக்குச் சூப் குடுத்தினம். பிறகுதான் ஆர் எங்கட ஆள், ஆர் பிற ஆள் எண்டு கேட்டினம். எங்கட தெருவில இருந்த யூதத் தையற்காரற்ற கதவை உடைக்கேக்கை எல்லாரும் யன்னலைச் சாத்தினவை."

இந்தப் பருவத்தில் அந்தக் கேள்வி எங்கள் கரைக்கும் வந்தது. ஆண்டுதோறும் தெற்கிலிருந்து வந்து, வாடி என்னும் ஓலைக் கொட்டில்களில் தங்கி மீன்பிடிக்கும் சிங்களவரை இனி விடக்கூடாது என்று சிலர் கூடினார்கள். அப்பாதான் முன்னின்றார். சனிக்கிழமை வாடிகளைக் கொளுத்துவதென்று முற்றத்தில் பேசியது, குசினிக்குள் இருந்த என் காதில் விழுந்தது. பிறதரிடம் ஓடிப்போய்ச் சொன்னது நான்தான்.

சனிக்கிழமை, கடலில் வளைத்துப் போட்ட கரைவலையை எல்லாரும் கூடிக் கயிற்றால் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். மணலில் மண்ணெண்ணெய் தயாராக இருந்தது. பிறதர் வாடித் தலைவர் சைமனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடிக்க வைத்தார், தாமும் பிடித்தார். மீன் சேரும் வலையின் மடி கரையேறுமுன் கயிற்றில் கைவைத்தவரை எங்கள் கரையில் விலக்குவதில்லை. அவருக்கும் மீனில் பங்குண்டு.

"நீங்கள் எங்கட ஆளோ, அவங்கட ஆளோ?" என்று அப்பா கேட்டார்.

"அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கப்பல் ஏறினனான்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"இழும் தம்பி. வலை போகப்போகுது."

கையை எடுத்து அடித்தால் வலை போய்விடும். ஒருவரும் கையை எடுக்கவில்லை. முழங்காலளவு நீரில், மூச்சு வாங்க, அந்த வயோதிபர் இழுத்ததைப் பார்த்து நான் செபிக்கவும் மறந்து நின்றேன். மடி கரையேறியதும் சைமனின் பங்கை அப்பாவே பிரித்துக் கொடுத்தார். மண்ணெண்ணெய் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அப்பா உறங்கிய பிறகு, அந்த எண்ணெய் விளக்கில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நெஞ்சு நோவென்று படுத்த பிறதர் பிறகு எழும்பவில்லை.

அடக்கத்தின்போது உறவினர் யாராவது முதல் பிடி மண்ணைப் போடலாம் என்றார் குருவானவர். பிறதருக்கு இங்கே உறவினர் இல்லை. வாடிக்காரர்களும் எங்கள் ஆட்களும் குழியைச் சுற்றி நின்றார்கள். அப்பா முன்னே போய், குனிந்து ஒரு பிடி அள்ளினார். திரும்பி வந்து அதை என் கையில் வைத்தார்.

"நீ போடு, பிள்ளை."

நான் மண்ணைப் போட்டு முடிக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்தார்.

போய் வாருங்கள், பிறதர். அப்பா கேட்டும் நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. யார் சொன்னதென்று அப்பாவுக்கு இப்போது தெரியும்; என்னிடம் கேட்பதில்லை.